"சும்மா இருக்கட்டும்"னு தினமும் ஒரு ஆஸ்பிரின் போடுறவங்களுக்கு

1/
உங்களுக்கு அட்டாக் வந்ததில்ல. ஸ்டென்ட் இல்ல. பக்கவாதம் இல்ல. ஆனாலும் "சும்மா ஒரு பாதுகாப்புக்கு"ன்னு தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ஆஸ்பிரின் மாத்திரை போடுறீங்களா? உங்க அப்பா போடுறாரா? மாமனார் போடுறாரா? இந்த நீண்ட பதிவு உங்களுக்குத்தான். கொஞ்சம் கோபத்தோடதான் எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

2/
ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை.

ஏற்கனவே மாரடைப்பு வந்தவங்க, ஸ்டென்ட் வச்சவங்க, பைபாஸ் பண்ணவங்க, ரத்தக்குழாய் அடைப்பால பக்கவாதம் வந்தவங்க, டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் எடுக்குற கர்ப்பிணிகள். நீங்க யாரும் இந்தப் பதிவைப் படிச்சிட்டு ஒரு வேளை மாத்திரையைக் கூட நிறுத்தக் கூடாது. ஏன்னு கீழ தனியா சொல்றேன். இது உங்களைப் பத்தின பதிவு இல்ல.

3/
நான் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துல வேலை பாக்குற அரசு மருத்துவர். சில மாசம் முன்னாடி ஒரு நைட் டூட்டி. மணி ரெண்டு இருக்கும். ஆட்டோவுல ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. 58 வயசு, மில்லுல வேலை பாத்து ஓய்வு பெற்றவர். ஆள் வெளுத்துப் போய் துணி மாதிரி கிடக்குறார். பிபி 80/50. நாடித்துடிப்பு 120க்கு மேல. கண்ணை இழுத்துப் பாத்தா உள்ள ரத்தமே இல்ல.

4/
"எப்ப இருந்து இப்படி?"ன்னு கேட்டேன். அவர் சம்சாரம் சொன்னாங்க: "மூணு நாளா தாரு மாதிரி கறுப்பா போகுது சார். மூலமா இருக்கும்னு விட்டுட்டோம். இன்னைக்கு பாத்ரூம்ல எந்திரிச்சவரு அப்படியே சரிஞ்சிட்டாரு."

ஹீமோகுளோபின் 5.4. ஆம்பளைக்கு 13க்கு மேல இருக்கணும். உடம்புல இருக்க வேண்டிய ரத்தத்துல பெரும் பங்கு குடல் வழியா வெளிய போயிருக்கு. ஒரு சொட்டு கூட சிவப்பா கண்ணுக்குத் தெரியல.

5/
"என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு?"

"பிபி மாத்திரை ஒண்ணு உண்டு, அது எப்பவாச்சும் போடுவாரு. ரத்தம் இளக ஒரு மாத்திரை போடுவாரு, அதை மட்டும் ஒரு நாள் கூட விடமாட்டாரு. அப்புறம் பத்து நாளா முழங்கால் வலிக்கு மெடிக்கல்ல வாங்கிப் போட்டாரு."

ரத்தம் இளக மாத்திரை யாரு எழுதுனா?

"யாரும் எழுதல சார். எதுத்த வீட்டு அண்ணாச்சி அட்டாக்குல போயிட்டாரு. அப்ப வாட்ஸப்ல ஒண்ணு வந்துச்சு, நாப்பது தாண்டுனா தினம் ஒண்ணு போடணும்னு. அதுல இருந்து மூணு வருசமா போடுறாரு."

6/
ரத்தம் ஏத்த ஆரம்பிச்சு, 108ல மேல்சிகிச்சைக்கு அனுப்பினோம். எண்டோஸ்கோப்பில வயித்துல பெரிய புண், அதுல இருந்து கசிவு. நல்லவேளை பிழைச்சிட்டார். இந்த மாதிரி வர்ற எல்லாரும் பிழைக்கிறதில்ல.

எனக்குக் கோபம் எங்கன்னா, அவருக்குத் தேவைப்பட்ட பிபி மாத்திரையை எப்பவாச்சும் போட்டார். தேவையே இல்லாத ஆஸ்பிரினை ஒரு நாள் விடாம போட்டார். இந்தத் தலைகீழ் கணக்கை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?

7/
சரி, அந்த மாத்திரை உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு முதல்ல பாப்போம். நம்ம ரத்தத்துல பிளேட்லெட்னு ஒண்ணு இருக்கு. தமிழ்ல தட்டணுக்கள். ஒரு மைக்ரோ லிட்டருக்கு ஒன்றரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் வரை. கை அறுபட்டா முதல் ஆளா ஓடி வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓட்டையை அடைக்கிறது இதுதான்.

ஒண்ணு இன்னொண்ணைக் கூப்பிட "த்ராம்பாக்சேன்"னு ஒரு ரசாயனத்தை வெளிய விடும். ஆஸ்பிரின் அந்த ரசாயனத்தைத் தயாரிக்கிற நொதியையே முடக்கிடும்.

8/
இங்கதான் ஒரு முக்கியமான விஷயம். மத்த செல்லா இருந்தா புது நொதி தயாரிச்சுக்கும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புதுசா தயாரிக்க முடியாது. ஒரு தடவை ஆஸ்பிரின் பட்டுச்சுன்னா அந்தத் தட்டணு சாகுற வரைக்கும் அப்படித்தான். அதோட ஆயுள் 7 முதல் 10 நாள். தினமும் பத்துல ஒரு பங்கு புதுசா வரும்.

அதாவது நீங்க இன்னைக்கு ராத்திரி போடுற மாத்திரை ரத்தத்துல சில மணி நேரம்தான் இருக்கும். ஆனா அதோட வேலை ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்.

9/
"75 மில்லிகிராம் தானே சார், குழந்தை மாத்திரை மாதிரி சின்னது"ன்னு சொல்வாங்க.

வலிக்கும் காய்ச்சலுக்கும் அது சின்ன டோஸ்தான். தட்டணுக்களுக்கு அது முழு டோஸ். தினமும் 75 போட்டா சில நாள்லயே த்ராம்பாக்சேன் உற்பத்தி கிட்டத்தட்ட முழுசா நின்னுடும். இதய நோயாளிக்கு அது போதும்னு சொல்றதே அதனாலதான். அவருக்கு முழு வேலை செய்யுற மாத்திரை, நல்லா இருக்குற உங்களுக்கு மட்டும் "லேசா" வேலை செய்யுமா?

10/
இன்னொரு ஏமாற்றம். "பிளேட்லெட் கவுண்ட் பாத்துட்டேன் சார், ரெண்டரை லட்சம், நார்மல்."

கவுண்ட் நார்மலாத்தான் இருக்கும். ஆஸ்பிரின் எண்ணிக்கையைக் குறைக்காது, வேலையைத்தான் நிறுத்தும். வருகைப் பதிவேட்டுல நூறு பேர் கையெழுத்து இருக்கு, தறியில நிக்க ஆள் இல்லன்னா துணி வருமா? அந்த மாதிரி.

11/
நல்லா ஆரோக்கியமா இருக்குற ஆளுக்கு ஒரே ஒரு தடவை 650 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்தா, ரத்தக் கசிவு நிக்க ஆகுற நேரம் சராசரியா ரெண்டு மடங்கு ஆகும், அது 4 முதல் 7 நாள் வரை அப்படியே இருக்கும். இது நாங்க ரெண்டாம் வருஷம் படிக்கிற மருந்தியல் பாடம். புதுக் கண்டுபிடிப்பு இல்ல.

ஷேவிங்ல கீறினா நேரம் ஆகும். பல் விளக்குறப்ப ஈறுல கசியும். லேசா இடிச்சா நீலம் பாயும். இதெல்லாம் வெளிய தெரியுறது. தெரியாம நடக்குறது வயித்துலயும் தலையிலயும்.

12/
வயித்துக்கு ஏன் குறி வைக்குது? அதே நொதிதான் நம்ம இரைப்பைச் சுவருக்கு ஒரு பாதுகாப்புப் பூச்சு தயாரிக்கவும் உதவுது. ஆஸ்பிரின் அதையும் சேத்து முடக்குது. அப்போ ஒரே மாத்திரை ரெண்டு வேலை பண்ணுது: புண்ணு வர வழி விடுது, வந்த புண்ணுல ரத்தம் நிக்காம பண்ணுது.

"நான் போடுறது குடல்ல போய்க் கரையுற பூச்சு மாத்திரை, வயித்துக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு நம்பாதீங்க. எங்க கரைஞ்சாலும் ரத்தத்துல கலந்து சுத்தி வந்து அதே வேலையைத்தான் பாக்கும். பூச்சு இருக்குறதால ரத்தக்கசிவு ஆபத்து போயிடாது.

13/
ஆஸ்பிரின் இதய மாத்திரை ஆன கதையே ரத்தப்போக்குலதான் ஆரம்பிக்குது, தெரியுமா?

அமெரிக்காவுல கலிபோர்னியா பக்கம் லாரன்ஸ் கிரேவன்னு ஒரு டாக்டர். பெரிய ஆராய்ச்சியாளர் எல்லாம் இல்ல, நம்மள மாதிரி சாதா டாக்டர். டான்சில் ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு வலிக்காக ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் கொடுத்தார். அதை நிறைய மென்னவங்களுக்கு ஆபரேஷன் பண்ண இடத்துல ரத்தம் நிக்கலைன்னு கவனிச்சார்.

14/
சந்தேகத்தைத் தீர்க்க தானே தினமும் 12 ஆஸ்பிரின் மாத்திரை போட்டுப் பாத்தார். அஞ்சு நாளைக்குள்ள மூக்குல தானா ரத்தம் வந்துடுச்சு. ஆரோக்கியமா இருந்த மனுஷனுக்கு!

ரத்தம் உறையாம தடுக்குதுன்னா, இதய ரத்தக்குழாய்ல கட்டி உறைவதையும் தடுக்குமேன்னு யோசிச்சார். 1950கள்ல ஆயிரக்கணக்கான ஆம்பளைகளுக்குக் கொடுத்துட்டு யாருக்கும் அட்டாக் வரலைன்னு எழுதினார். ஒப்பிட்டுப் பாக்க மாத்திரை கொடுக்காத இன்னொரு குழு கிடையாது. 1957ல அவரே மாரடைப்புல இறந்தார்.

15/
யோசனை பாதி சரி. அந்தப் பாதி எதுன்னு 1988ல தெரிஞ்சுது. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 17,187 பேர்கிட்ட நடந்த பெரிய ஆய்வு, பேரு ஐசிஸ்-2. ஒரு மாசம் ஆஸ்பிரின் கொடுத்ததுல இதய, ரத்தக்குழாய் மரணங்கள் 23% குறைஞ்சுது. சில ரூபாய் மாத்திரைக்கு இது பிரமாதமான பலன். நான் கைகூப்புறேன்.

ஆனா கவனிங்க, இது மாரடைப்பு வந்தவங்களுக்கு.

16/
அடுத்த வருஷம், 1989. அமெரிக்காவுல 22,071 ஆண் டாக்டர்கள்கிட்ட நடந்த ஆய்வு. நோய் இல்லாதவங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பிரின். முதல் மாரடைப்பு 44% குறைஞ்சதா முடிவு வந்துச்சு. உலகமே கொண்டாடுச்சு. "எல்லாரும் தினம் ஒரு ஆஸ்பிரின்"ங்கற பழக்கத்துக்கு இதுதான் பெரிய விதை.

அதே ஆய்வுல இதய நோயால ஏற்படுற மொத்த இறப்பு குறையலங்கறதை யாரும் கொண்டாடல. கொண்டாட அதுல என்ன இருக்கு?

17/
அப்புறம் காலம் மாறுச்சு. கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் வந்துச்சு, நல்ல பிபி மாத்திரைகள் வந்துச்சு. அப்போ இன்னைக்கு நல்லா இருக்குறவங்களுக்கு ஆஸ்பிரின் உண்மையிலேயே பிரயோஜனமான்னு திரும்பப் பாக்கணும் இல்லையா? பாத்தாங்க. 2018ல ஒரே வருஷத்துல மூணு பெரிய ஆய்வு முடிவு வந்துச்சு.

18/
முதலாவது ஆஸ்ப்ரீ. ஆஸ்திரேலியா, அமெரிக்காவுல 19,114 பேர். பெரும்பாலும் 70 வயசு தாண்டின, இதய நோய் இல்லாதவங்க. தினமும் 100 மி.கி. கிட்டத்தட்ட அஞ்சு வருஷம்.

முடிவு: ஊனமில்லாம வாழுற காலம் கூடல. இதய நோய் குறிப்பிடும்படி குறையல. பெரிய ரத்தப்போக்கு மட்டும் 2.8% ல இருந்து 3.8% ஆச்சு. நூறு பேர்ல கூடுதலா ஒருத்தர், ஒண்ணும் லாபமில்லாம.

19/
அதே ஆய்வுல தலைக்குள்ள ரத்தக்கசிவு தனியா கணக்கு பாத்தாங்க. ஆஸ்பிரின் போட்டவங்கள்ல 1.1%, போடாதவங்கள்ல 0.8%. வயசானவங்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தலையில லேசா இடிச்சுக்குறது நம்ம வீடுகள்ல எவ்ளோ சாதாரணம்! ஆஸ்பிரின் போட்டுட்டு விழுறதும் போடாம விழுறதும் ஒண்ணு இல்ல.

20/
ரெண்டாவது அரைவ். 12,546 பேர். இதய ஆபத்து நடுத்தரமா இருக்குறவங்க. பலன் தெரியல. வயிறு, குடல் ரத்தக்கசிவு 0.46% ல இருந்து 0.97%. ரெண்டு மடங்கு. பெரும்பாலும் லேசானதுதான், ஒத்துக்குறேன். ஆனா "லேசான ரத்தக்கசிவு"ன்னு எழுதுறவங்களுக்கு லேசு. ரத்தசோகையோட தறியிலயும் வயக்காட்டுலயும் நிக்கிறவங்களுக்கு அது லேசு இல்ல.

21/
மூணாவது அசெண்ட். சர்க்கரை நோய் இருக்கு, இதய நோய் இல்ல. 15,480 பேர். ஏழு வருஷத்துக்கு மேல. நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமான ஆய்வு.

இதுல பலன் இருந்துச்சு. அதையும் மறைக்காம சொல்றேன். இதய, மூளைப் பாதிப்புகள் 9.6% ல இருந்து 8.5% ஆச்சு. பெரிய ரத்தப்போக்கு 3.2% ல இருந்து 4.1% ஆச்சு. ஆயிரம் பேருக்குக் கொடுத்தா 11 பேருக்கு அட்டாக் மாதிரி பாதிப்பு தவிருது, 9 பேருக்குப் புதுசா பெரிய ரத்தப்போக்கு வருது. இந்தக் கையில வாங்கி அந்தக் கையில கொடுக்குற கதை.

22/
அதனாலதான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022ல தெளிவா சொல்லிட்டாங்க. 60 வயசு தாண்டினவங்க, இதய நோய் இல்லாட்டி, தடுப்புக்காகப் புதுசா ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டாம். 40ல இருந்து 59 வரைக்கும் இருக்குறவங்கள்ல ஆபத்து அதிகம் இருந்து, ரத்தக்கசிவு ஆபத்து கம்மியா இருந்தா, டாக்டரோட உக்காந்து தனித்தனியா முடிவெடுங்க. அப்பவும் கிடைக்கிற லாபம் சின்னதுதான்.

வாட்ஸப் ஃபார்வர்டு இன்னும் 1989லயே நிக்குது.

23/
இப்ப என் சொந்தக் கணக்கைத் தீர்த்துடுறேன். நானும் எழுதியிருக்கேன். பயிற்சி மருத்துவரா இருந்தப்ப பிபி, சுகர் இருந்தாலே சீட்டுல கை தானா மூணாவது வரியில ஆஸ்பிரின்னு எழுதும். ஏன்னு நான் கேக்கல. மேல இருந்தவர் எழுதினார், நான் பாத்து எழுதினேன். வார்டு ரவுண்ட்ஸ்ல நிக்கிறப்ப யாரும் "இவருக்கு இது எதுக்கு?"ன்னு கேட்ட ஞாபகம் இல்ல.

அந்தச் சீட்டுகளை வச்சு மாத்திரை வாங்கினவங்கள்ல எத்தனை பேருக்கு தார் மாதிரி போச்சோ, எனக்குத் தெரியாது. அது உறுத்தும்.

24/
சக மருத்துவர்களுக்கு, மரியாதையோடவே சொல்றேன். பத்து மாத்திரை எழுதினாதான் பெரிய டாக்டர்னு நோயாளி நினைக்கிறார்ங்கறது உண்மை. ஆனா மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னு வந்தவருக்கு "எதுக்கும் இருக்கட்டும்"னு ஒரு ஆஸ்பிரின் போட்டு அனுப்புறது வைத்தியம் இல்ல, தாயத்து கட்டுற வேலை. தாயத்தாவது வயித்துல புண்ணு பண்ணாது.

25/
மெடிக்கல் வச்சிருக்குற அண்ணாச்சிகளுக்கு. சீட்டு இல்லாம வந்து "ரத்தம் இளகுற மாத்திரை ஒரு அட்டை"ன்னு கேட்டா கொடுக்காதீங்க. மூட்டுவலிக்கு டைக்ளோபினாக் கேக்குறவர்கிட்ட, "ஆஸ்பிரின் போடுறீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ரெண்டும் சேந்தா வயிறு தாங்காது. உங்க அந்த ஒரு கேள்விக்கு நான் ராத்திரி ரெண்டு மணிக்கு ஏத்துற ரெண்டு பாட்டில் ரத்தம் மிச்சம்.

26/
இதுக்கு வர்ற பதில்களும் எனக்குத் தெரியும்.

"நீ வெறும் எம்.பி.பி.எஸ். ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்டை விட உனக்குத் தெரியுமா?"

தெரியாது. மேல சொன்னது எதுவும் என் கண்டுபிடிப்பு இல்ல. அந்த ஆய்வுகளை நடத்தினதுல இதய நிபுணர்களும் இருக்காங்க. உங்க இதய மருத்துவர் உங்க ஈசிஜி, எக்கோ, ஆஞ்சியோ பாத்து எழுதியிருந்தா அவர் சொல்றதைக் கேளுங்க. நான் பேசுறது யாருமே பாக்காம, எதுவுமே எடுக்காம ஆரம்பிச்ச மாத்திரையைப் பத்தி.

27/
"எங்க மாமா இருபது வருஷமா போடுறாரு, ஒண்ணும் ஆகல."

சந்தோஷம். ஹெல்மெட் போடாம இருபது வருஷம் ஓட்டினவரும் இருக்கார். ரத்தக்கசிவு நூத்துல ஒருத்தருக்குக் கூடுதலா வருதுன்னா, மீதி பேருக்கு ஒண்ணும் ஆகாதுதான். அந்த ஒருத்தர் யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா நான் இவ்ளோ நீளம் எழுத வேண்டியதே இல்ல. தெரியாது. ஓரளவு ஊகிக்கலாம்: 60 தாண்டினவங்க, முன்னாடி அல்சர் வந்தவங்க, வலி மாத்திரை அடிக்கடி போடுறவங்க, ஸ்டீராய்டு எடுக்குறவங்க, குடிக்கிறவங்க, பிபி கட்டுப்பாட்டுல இல்லாதவங்க.

28/
"பயமா இருக்கு சார். விவேக் போயிட்டாரு, புனீத் ராஜ்குமார் 46 வயசுல போயிட்டாரு."

இந்தப் பயத்தை நான் கேலி பண்ண மாட்டேன். 2021ல அந்த ரெண்டு மரணத்துக்கும் அப்புறம் நெஞ்சைப் பிடிச்சிட்டு வந்தவங்களை நானே பாத்திருக்கேன். பயம் நியாயமானது. பயத்துக்கு எடுக்குற மாத்திரைதான் தப்பு. பிபி பாருங்க, சுகர் பாருங்க, கொழுப்பு பாருங்க, பீடி சிகரெட்டை விடுங்க. ஸ்டாட்டின் தேவையான்னு கேளுங்க. இதெல்லாம் செஞ்சுட்டு, அப்புறம் ஆஸ்பிரினைப் பத்தி என்கிட்ட வாங்க.

29/
சதுரகிரி போறவங்க ஓ.பி.ல வந்து கேப்பாங்க: "அமாவாசைக்கு மலை ஏறுறேன், முன்னாடியே ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கட்டுமா?"

வேண்டாம். தாணிப்பாறையில இருந்து பாறை மேல ஏறி இறங்குறீங்க. கால் வழுக்கி விழுந்தா உடனே ரத்தம் நிக்கிறதுதான் அங்க உங்களுக்குத் தேவை. பிபி, சுகர் இருந்தா முன்கூட்டியே செக்கப் பண்ணுங்க. ஏறுறப்ப நெஞ்சு அழுத்துனா மேல போகாம உக்காருங்க, உதவி கூப்பிடுங்க. சாமி அடுத்த அமாவாசைக்கும் அங்கதான் இருப்பார்.

30/
இப்ப மேல வாக்கு கொடுத்த விஷயம். ஸ்டென்ட் வச்சவங்க ஏன் நிறுத்தக் கூடாது?

ஸ்டென்ட் ஒரு உலோகக் கம்பி வலை. அதைப் பாத்த உடனே தட்டணுக்கள் ஒட்டப் பாக்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரல் மாதிரி இன்னொண்ணும் ரெண்டா கொடுக்குறோம். பாதியில நிறுத்தினா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறைஞ்சு மொத்தமா அடைச்சிடும். அப்படி வர்ற மாரடைப்பு ரொம்ப மோசமானது.

31/
காப்பீட்டு அட்டையில ஸ்டென்ட் வச்ச ஒரு அம்மா. பல்லு பிடுங்கணும்னு யாரோ சொன்னதைக் கேட்டு ரெண்டு மாத்திரையையும் பத்து நாள் நிறுத்தினாங்க. அடுத்து அவங்களை நான் பாத்தது கேஷுவாலிட்டில, வேர்த்துக் கொட்டி, நெஞ்சைப் பிடிச்சபடி.

பல்லு பிடுங்கவோ, ஆபரேஷனோ, எதுவா இருந்தாலும் மாத்திரையை நிறுத்தலாமா வேண்டாமான்னு சொல்ல வேண்டியது ஸ்டென்ட் வச்ச டாக்டர்தான். உங்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து இல்லாம இல்ல. இருந்தும் மாத்திரையால வர்ற லாபம் அதை விட ரொம்பப் பெருசு.

கர்ப்பிணிகளும் அப்படித்தான். பேறுகால ரத்த அழுத்த நோய் வராம இருக்கச் சிலருக்கு ஆஸ்பிரின் கொடுக்குறோம். மாமியார் சொன்னாங்க, முகநூல்ல பாத்தேன்னு நிறுத்தாதீங்க.

32/
அடுத்து "14 மாத்திரை" விவகாரம். 2023ல நம்ம அரசு "இதயம் காப்போம்" திட்டம் கொண்டு வந்துச்சு. நெஞ்சுவலியோட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்றவங்களுக்கு ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8, மொத்தம் 14 மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது. அருமையான திட்டம். கிராமத்துல இருந்து கேத் லேப் இருக்குற ஊருக்குப் போக ஆகுற நேரத்துல உயிரைக் காப்பாத்தும்.

33/
ஆனா அந்த 14ஐயும் வாங்கி டப்பாவுல போட்டு வீட்டுல வச்சுக்கிட்டு, நெஞ்சு எரிஞ்சா முழுங்குறது திட்டம் இல்ல. அங்க ஒரு டாக்டரோ செவிலியரோ பாத்து, இது மாரடைப்புதானான்னு யோசிச்சுக் கொடுக்குறாங்க. அல்சர் வலிக்கும் நெஞ்சு எரியும். அல்சர்ல ரத்தம் கசியுறவருக்கு நாலு குளோபிடோக்ரல் போனா என்ன ஆகும்னு யோசிங்க.

நெஞ்சுவலின்னா முதல் வேலை 108. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், இல்லாட்டி ஜி.எச். 108ல இருக்குறவங்களோ டாக்டரோ ஆஸ்பிரினை மெல்லச் சொன்னா தயங்காம மெல்லுங்க.

34/
வாய் கோணுது, கை கால் விழுது, பேச்சு குழறுதுன்னா வீட்டுல ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பக்கவாதம் அடைப்பாலயும் வரும், ரத்தக்குழாய் வெடிச்சும் வரும். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி. சி.டி. ஸ்கேன் எடுத்தாதான் தெரியும். வெடிச்சவருக்கு ஆஸ்பிரின் கொடுத்தா நாமளே எரியுறதுல எண்ணெய் ஊத்துற மாதிரி.

35/
ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் டெங்கு சீசன். காய்ச்சல், உடம்பு வலின்னு ஆஸ்பிரினோ, டைக்ளோபினாக்கோ, ஐபுபுரூஃபனோ வாங்கிப் போடாதீங்க. டெங்கு தட்டணு எண்ணிக்கையைக் குறைக்கும், இது மிச்சம் இருக்குறதையும் முடக்கும். பாராசிட்டமால் மட்டும், அளவோட. ஏற்கனவே இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுறவருக்குக் காய்ச்சல் வந்தா, நிறுத்தலாமா தொடரலாமான்னு அன்னைக்கே டாக்டர்கிட்ட வந்து கேளுங்க.

36/
இப்ப நீங்க செய்ய வேண்டியது. உங்க வீட்டு மாத்திரை டப்பாவைத் திறங்க. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல்னு பேர் இருக்கான்னு பாருங்க. ரெண்டும் சேந்த ஒரே மாத்திரையும் உண்டு. கொழுப்பு மாத்திரையோட சேத்தும் வரும். அதனால அட்டையோட பின்பக்கம் சின்ன எழுத்தைப் படிங்க.

இருந்தா, ஃபைலைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எனக்கு இது எதுக்காக?"

"உங்களுக்கு அட்டாக் வந்திருக்கு, ஸ்டென்ட் இருக்கு"ன்னு பதில் வந்தா வாழ்நாள் பூரா சந்தோஷமா போடுங்க. "சும்மா இருக்கட்டும்"னு பதில் வந்தா, இன்னொரு தடவை கேளுங்க.

37/
ஆபத்து அறிகுறிகள். தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு, கெட்ட வாடையோட மலம். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுப்பா போகும், அது வேற. ஆனா சந்தேகம் இருந்தா காட்டிடுங்க. காப்பித்தூள் மாதிரி வாந்தி. எந்திரிச்சா தலைசுத்து. காரணமில்லாம மூச்சு வாங்குறது. தலையில அடிபட்டு அப்புறம் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம். இதுல எதுவா இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. மூலம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க.

38/
ராஜபாளையத்துல இருந்து கொஞ்ச தூரத்துல சத்திரப்பட்டி. அங்க நெய்யுற பேண்டேஜ் துணிதான் எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகுது. ஆனா வயித்துக்குள்ள ஒழுகுற ரத்தத்துக்கு எந்தத் துணியை வச்சு அழுத்த முடியும்? வெளிய இருந்து அழுத்த முடியாத இடத்துல வர்ற ரத்தப்போக்கு இது. அதனாலதான் வராம பாத்துக்கச் சொல்றேன்.

39/
அந்த மில்லுக்காரர் அப்புறம் ஓ.பி.க்கு வந்தார். பிபி 130/80. "இப்ப பிபி மாத்திரையை விடாம போடுறேன் சார், மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து கொடுக்குறாங்க. அந்த இன்னொண்ணை நிறுத்திட்டேன்"னார். கிளம்புறப்ப கேட்டார்: "அந்த வாட்ஸப் மெசேஜை நான் ஒரு முப்பது பேருக்கு அனுப்பியிருக்கேன் சார். அவங்களை என்ன பண்றது?"

40/
அந்த முப்பது பேருக்காகத்தான் இந்தப் பதிவு. அவங்கள்ல ஒருத்தர் உங்க குடும்ப குரூப்ல இருக்கலாம். அனுப்புங்க. ஆனா ரெண்டாவது பதிவையும் சேத்து அனுப்புங்க. ஸ்டென்ட் வச்ச ஒருத்தர் இதைப் பாதி படிச்சிட்டு மாத்திரையை நிறுத்திட்டார்னா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

நைட் டூட்டிக்கு நேரமாச்சு. வர்றேன்.

அரசு மருத்துவர்,
விருதுநகர் மாவட்டம்.